தலைசுற்றலுக்குக் கழுத்தைத் திருப்பும் கைரோபிராக்டிக் சிகிச்சை: அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கும் என் அம்மாவுக்கு 64 வயது. சில வாரங்களாக விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரளும்போது அறையே சுழல்வதாகச் சொல்கிறார். சுழற்சி அரை நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் குமட்டலும், நடக்கும்போது ஒரு தள்ளாட்டமும் முற்பகல் வரை நீடிக்கின்றன. மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவை எடுக்க அண்ணாந்து பார்த்தாலும் இதே சுழற்சி வருகிறது. காது நன்றாகக் கேட்கிறது, இரைச்சல் எதுவும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார், சர்க்கரை நோய் கிடையாது.

அருகில் உள்ள மருத்துவர் கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக் கழுத்துப் பட்டையும், குமட்டலையும் சுற்றலையும் அடக்கும் ஸ்டெமெட்டில் மாத்திரையும் கொடுத்தார். பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாலும் புரண்டால் சுற்றத்தான் செய்கிறது. இந்த நிலையில் சென்னையில் இருக்கும் என் சித்தப்பா மகன், கைரோபிராக்டிக் நிலையங்களில் கழுத்தைச் சட்டென்று திருப்பி நெட்டி முறிக்கும் காணொளிகளை வரிசையாக அனுப்பி, "அமுங்கிய நரம்பு ஒரே நாளில் விடுபட்டுவிடும், பெரியம்மாவை உடனே கூட்டிக்கொண்டு வா" என்று வற்புறுத்துகிறான். இதனால் உண்மையில் பயன் உண்டா, இந்த வயதில் இது பாதுகாப்பானதுதானா என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கிள்ளான்வாசி:

தாராளமாக அழைத்துச் செல்லுங்கள் என்றே நான் சொல்வேன். மலேசியாவில் கைரோபிராக்டிக் என்பது ஒளிந்து மறைந்து செய்யும் தொழில் அல்ல. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் அதுவும் ஒன்று. பின்னால் வந்த கார் மோதியதிலிருந்து எனக்குக் கழுத்து இறுக்கமும் தலைசுற்றலும் சேர்ந்தே இருந்தன. மாத்திரைகளால் தீராத அந்தத் தொல்லை கைரோபிராக்டரிடம் சென்ற பிறகே குறைந்தது. அலோபதி மருத்துவர்கள் இதை ஏளனமாகப் பார்ப்பது தொழில் போட்டியால்தான் என்பது என் கருத்து.

கொங்கு இயன்முறை:

சகோதரரே, நான் கோவையில் இயன்முறை மருத்துவராகப் பணிபுரிகிறேன். சமநிலைக் கோளாறுள்ளவர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலையின் பெரும்பகுதி. தலைசுற்றல் என்று ஒருவர் வந்தால், அது எப்படி இருக்கிறது என்று கேட்பதைவிட, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதைச் செய்யும்போது வருகிறது என்று கேட்பதுதான் நோயைக் கண்டுபிடிக்க அதிகம் உதவும். ஏனெனில், எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரே நோயாளி காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் பதில் சொல்வார்; நேரமும் தூண்டுதலும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. உங்கள் பதிவில் இரண்டுமே இருக்கின்றன: அரை நிமிடம், புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும். இதைப் படித்தவுடன் இத்துறையில் உள்ள எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பி.பி.பி.வி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உட்காதுக் கோளாறுதான். இது கழுத்து நோய் அல்ல.

உட்காதில் யூட்ரிக்கிள் என்ற சிறு பையின் சவ்வில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வயது ஏறுவதாலோ, தலையில் அடிபடுவதாலோ, உட்காதில் ஏற்படும் அழற்சியாலோ அவற்றில் சில உதிர்ந்து, பக்கத்தில் உள்ள அரைவட்டக் குழாய்களுக்குள் போய்விடுகின்றன. பலருக்குக் காரணம் எதுவும் தெரிவதில்லை. மூன்று குழாய்களில் பின்புறக் குழாயே தாழ்வாக அமைந்திருப்பதால் பெரும்பாலும் அதில்தான் போய்த் தங்குகின்றன. தலையை அசைத்து நிறுத்திய பிறகும், வளைந்த குழாய்க்குள் கிடக்கும் மணல்போல அவை மெல்ல உருண்டுகொண்டிருப்பதால் குழாயில் உள்ள திரவமும் அசைகிறது. தலை இன்னும் சுழன்றுகொண்டிருப்பதாகக் காது மூளைக்குத் தவறான செய்தி அனுப்புகிறது. துகள்கள் அடியில் போய்ச் சேர்ந்ததும் சுழற்சி நின்றுவிடுகிறது. அம்மாவுக்கு அரை நிமிடத்தில் அடங்குவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கும்.

இதை உறுதிசெய்ய ஸ்கேன் தேவையில்லை. 1952இல் லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை போதும். நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்துத் தலையை ஒரு பக்கமாக 45 பாகை திருப்பி, அப்படியே விரைவாக மல்லாத்திப் படுக்கவைத்துத் தலையைக் கட்டில் விளிம்புக்குக் கீழே சிறிது தாழ்த்திப் பிடித்துக் கண்களைக் கவனிப்பார்கள். சில விநாடிகள் ஒன்றும் இருக்காது. பிறகு கண்மணிகள் மேல்நோக்கித் துடித்தபடி, கீழே உள்ள காதின் பக்கமாகச் சுழலத் தொடங்கும். ஒரு நிமிடத்துக்குள் அது அடங்கும்.

சிகிச்சையும் இதே பாணியில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரைச் சேர்ந்த ஜான் எப்லி என்ற காது மருத்துவர் உருவாக்கிய முறையில், தலையை ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்து, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கும், பிறகு முகம் தரையைப் பார்க்கும்படியும் திருப்பி, கடைசியில் எழுப்பி உட்காரவைக்கிறோம். துகள்கள் புவியீர்ப்பினாலேயே குழாயைச் சுற்றிவந்து மீண்டும் பைக்குள் விழுந்துவிடும். அவர் 1980இலேயே இதைச் சக மருத்துவர்கள் முன்னிலையில் செய்து காட்டினார், நம்புவாரில்லை. ஆய்வுக் கட்டுரையாக வெளிவர 1992 ஆயிற்று. இன்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீட்டில் (2014), எப்லி முறை செய்யப்பட்டவர்களில் 56 சதவீதம் பேருக்குச் சுழற்சி முற்றிலும் நின்றது. ஒப்பீட்டுக்காகப் போலி சிகிச்சை, அதாவது சிகிச்சைபோன்ற பாவனை மட்டும், பெற்றவர்களில் அது 21 சதவீதம்.

அந்த 21 சதவீதத்தையும் கவனியுங்கள். இந்த நோய் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அந்தச் சமயத்தில் கட்டிய தாயத்துக்கும், போட்ட கழுத்துப் பட்டைக்கும், முறித்த நெட்டிக்கும் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பொருநைக்கரை:

மிக்க நன்றி. ஆனால் எக்ஸ்ரேயில் தேய்மானம் இருப்பது உண்மைதானே? அந்தப் படத்தை நானும் பார்த்தேன். எலும்புகளின் ஓரங்களில் முள்முள்ளாக வளர்ந்திருக்கிறது. இந்த முட்கள் நரம்பை அழுத்துவதால்தான் சுற்றுகிறது என்று விளக்கினார்கள்.

ஓய்வுபெற்ற காது மருத்துவர்:

ஐயா, அந்தப் படத்தை நான் பார்க்காமலே சொல்ல முடியும், ஏனெனில் 60 வயதைத் தாண்டியவர்களைத் தலைசுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தால் பெரும்பாலானோரின் கழுத்தில் இந்த முட்கள் தெரியும். தேய்மானம் இருப்பது உண்மை. அதுதான் சுற்றலுக்குக் காரணம் என்பதுதான் தவறு. கழுத்தில் நரம்பு அழுந்தினால் கையில் வலியும் மரமரப்பும் வரும், கை பலம் குறையும். படுக்கையில் புரளும்போது அறை சுழலாது. நம் ஊரில் "ஸ்பாண்டிலோசிஸ் தலைசுற்றல்", அதாவது கழுத்தெலும்புத் தேய்மானத்தால் வரும் சுற்றல், என்று சீட்டில் எழுதுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த எழுத்துதான் நோயாளியைக் கழுத்துப் பட்டைக்கும், அங்கிருந்து கழுத்தை முறிப்பவரிடத்துக்கும் அனுப்பிவைக்கிறது. கைரோபிராக்டரைக் குறை சொல்வதற்கு முன்னால் எங்கள் தரப்பில் திருத்திக்கொள்ள வேண்டியது இது.

மற்ற காரணங்களையும் சொல்லிவிடுகிறேன். சுழற்சி 20 நிமிடம் முதல் பல மணி நேரம் வரை நீடித்து, கூடவே ஒரு காதில் இரைச்சலும் அடைப்பும் கேள்விக் குறைவும் வந்தால் மெனியர் நோயை நினைக்க வேண்டும். 1861லேயே பாரிஸ் மருத்துவர் புரோஸ்பர் மெனியர் இதன் மூலம் காதில் இருக்கிறது என்று எடுத்துரைத்தார். சளி, காய்ச்சலுக்குப் பிறகு நாள் கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். எழுந்து நின்றவுடன் கண் இருட்டினால் அது காதும் அல்ல கழுத்தும் அல்ல. நின்ற மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையும், ஆண்களுக்குத் தரப்படும் புரோஸ்டேட் மாத்திரையும் இதைச் செய்யக்கூடியவை. இரத்தசோகை, சர்க்கரை தாழ்தல், இதயத் துடிப்புக் கோளாறு ஆகியவையும் இந்த வகையில் அடங்கும்.

ஸ்டெமெட்டில் பற்றி ஒரு வார்த்தை. கடும் வாந்தியோடு வரும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அது நல்ல மருந்து. துகள்களை அது நகர்த்தாது. முதியவர்கள் மாதக்கணக்கில் விழுங்கினால் கை நடுக்கமும் உடல் விறைப்பும் வந்து பார்க்கின்சன் நோய் என்று வேறொரு மருத்துவரிடம் போய் நிற்பார்கள். அப்படிப் பலரைப் பார்த்திருக்கிறேன். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் கழகத்தின் 2017 வழிகாட்டியும், பி.பி.பி.வி.க்கு இத்தகைய மாத்திரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது.

வீட்டில் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது இது: சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, விழுங்குவதில் சிரமம், முகத்திலோ கை கால்களிலோ மரத்துப்போதல், இதுவரை அறியாத கடுமையான தலைவலி அல்லது பின்கழுத்து வலி, பிடித்துக்கொண்டாலும் நிற்க முடியாத நிலை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 108ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். மூளையின் பின்பகுதியில் ஏற்படும் பக்கவாதத்தைச் சி.டி. பெரும்பாலும் காட்டாது, முதல் 48 மணி நேரத்தில் எம்.ஆர்.ஐ. கூடச் சில சமயம் தவறவிடும்.

மழைக்காலம்:

ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு, தலைவலியே இல்லாமல் சுழற்சி மட்டும் வருவதுண்டு என்பதையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கழுத்து நோயாளி என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். தூக்கம் கெட்டாலும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஓடும் மரங்களைப் பார்த்தாலும் சுற்றும். ஒற்றைத் தலைவலிக்கான மருந்தில்தான் அது கட்டுக்குள் வந்தது.

கிள்ளான்வாசி:

மருத்துவர் ஐயா நேர்மையாக எழுதியிருக்கிறார், மதிக்கிறேன். ஆனால் கைரோபிராக்டர் என்றாலே கழுத்தை முறிப்பவர் என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. என் மனைவிக்குப் புரண்டு படுக்கும்போது வந்த சுற்றலுக்கு அதே கைரோபிராக்டர் நீங்கள் விவரித்த எப்லி முறையைத்தான் செய்தார். என் சுற்றல் கழுத்திலிருந்து வந்தது. அவளுடையது காதிலிருந்து வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒன்ராறியோ ஈழவன்:

கிள்ளான் நண்பர் சொல்வதில் உண்மை உண்டு. நான் வசிக்கும் ஒன்ராறியோவில் கைரோபிராக்டர்கள் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவுபெற்றவர்கள். முதுகெலும்பு மூட்டை அதன் வழக்கமான எல்லைக்கு அப்பால் வேகமாக உந்துவது இங்கே சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்ட செயல். உரிமம் இல்லாதவர் அதைச் செய்ய முடியாது. கழுத்தைத் தொடுவதற்கு முன்னர், பக்கவாத அபாயத்தைக் குறிப்பிடும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் இங்கு வழக்கம். சித்தப்பா மகன் அனுப்பிய காணொளியில் யாராவது படிவம் வாசித்ததைப் பார்த்தீர்களா?

அந்தப் படிவம் ஏன் தேவைப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரு முள்ளெலும்புத் தமனிகள், கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகளினூடாக மேலேறி, முதல் எலும்பைச் சுற்றி வளைந்து மண்டையோட்டுக்குள் நுழைகின்றன. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது அந்த வளைவில் இழுவிசை விழுகிறது. தமனியின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இது அரிதாக நிகழ்வது. ஆனால் நிகழ்ந்தால் பாதிக்கப்படுவோரில் பலர் இளையவர்கள்.

இதைப் பற்றி எங்கள் மாகாணத்தின் ஒன்பது ஆண்டு மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. இவ்வகைப் பக்கவாதம் 818 பேருக்கு ஏற்பட்டிருந்தது. 45 வயதுக்குக் குறைந்தவர்களில் பக்கவாதத்துக்கும் சற்று முன்னர் கைரோபிராக்டரிடம் சென்றதற்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் குடும்ப மருத்துவரிடம் சென்றவர்களிடமும் அதே தொடர்பு தெரிந்தது. தமனி ஏற்கெனவே கிழியத் தொடங்கியதால் வந்த கழுத்து வலிக்காகத்தான் அவர்கள் இரு தரப்பினரிடமும் போயிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கைரோபிராக்டர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பாக மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. கழுத்து வலியும் தலைசுற்றலும் சேர்ந்து வருவதே கிழிந்துகொண்டிருக்கும் தமனியின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்றால், அத்தகைய ஒருவரின் கழுத்தைச் சோதிக்காமல் சட்டென்று திருப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த விளக்கமே சொல்லிவிடுகிறது.

இன்னொரு செய்தி. இந்தத் தொழில் தொடங்கியதே ஒரு காது நோயாளியிடம்தான். 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊரில் டேனியல் டேவிட் பால்மர், தான் இருந்த கட்டடத்தின் துப்புரவுத் தொழிலாளியான ஹார்வி லில்லர்டின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததில் அவருக்குக் காது கேட்கத் தொடங்கியது என்றார். கேள்வி நரம்போ உட்காதிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே மூளைத்தண்டுக்குப் போய்விடுகிறது. முதுகெலும்புப் பக்கமே வருவதில்லை. விலகிய முள்ளெலும்புதான் நோய்களுக்கெல்லாம் மூலம் என்று பால்மர் சொன்னதற்கு மருத்துவ ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்று பிரித்தானியக் கைரோபிராக்டிக் ஒழுங்குமுறைக் குழுவே 2010இல் அறிவித்துவிட்டது.

கொங்கு இயன்முறை:

கழுத்திலிருந்து தலைசுற்றல் வரவே வராது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மேல்கழுத்தின் மூட்டுகளிலும் தசைகளிலும் தலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்விகள் நிறைய உள்ளன. கார் மோதலில் கழுத்து வெட்டி இழுக்கப்பட்டால் அந்தச் செய்தி கண், காது ஆகியவற்றின் செய்தியோடு பொருந்தாமல் போகும். கிள்ளான் நண்பருக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம். அதில் அறை சுழலாது; மிதப்பதுபோன்ற, நிலைகொள்ளாத உணர்வு கழுத்து வலியோடு சேர்ந்து ஏறி இறங்கும், நிமிடங்கள் முதல் மணிக்கணக்கில் நீடிக்கும். இதை உறுதிசெய்யும் தனிச் சோதனை எதுவும் கிடையாது. மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகே இந்தப் பெயரைச் சூட்ட வேண்டும். நடைமுறையிலோ இதைத்தான் முதலில் சூட்டுகிறார்கள்.

இந்த வகைக்குக் கைச்சிகிச்சை பயன்படுகிறது. நியூசிலாந்து இயன்முறையாளர் பிரையன் மல்லிகன் வகுத்த முறையில், சிகிச்சையாளர் கட்டைவிரலால் கழுத்தெலும்பை மெல்ல முன்னோக்கித் தாங்கிப் பிடிக்க, நோயாளி தானே தலையைத் திருப்புவார்; வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் போலி சிகிச்சையோடு ஒப்பிட்டு, சுற்றல் குறைவதைக் காட்டியிருக்கிறார்கள். இதில் வேக உந்துதலும் இல்லை, சத்தமும் இல்லை. ஆகவே, சிகிச்சை தருபவரின் பலகையில் என்ன பட்டம் எழுதியிருக்கிறது என்பதைவிட, கண்ணைப் பார்த்துச் சோதித்தாரா, வேகமாகத் திருப்பாமல் வேலை செய்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். முடிதிருத்தும் கடையில் தலையைப் பிடித்துவிட்டுக் கடைசியில் இரு பக்கமும் ஒரு நெட்டி முறிப்பார்களே, அதற்கும் இதுவே பொருந்தும்.

பொருநைக்கரை:

நெல்லையிலேயே ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அம்மாவை அழைத்துச் சென்றேன். நீங்கள் விவரித்த சோதனையையே செய்தார். வலக்காது கீழே இருக்கும்படி படுக்கவைத்ததும் முதலில் அம்மா "ஒண்ணும் இல்லையே" என்றார். சொல்லி வாய் மூடுவதற்குள் மருத்துவரின் சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டார். கண்மணிகள் மேல்நோக்கித் துடித்தபடி சுழல்வதைப் பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். இடப்பக்கம் படுக்கவைத்தபோது ஒன்றுமில்லை. உடனே எப்லி முறையைச் செய்தார். சிறிது நேரம் உட்காரவைத்து மீண்டும் சோதித்தபோது கண் அசையவில்லை. சித்தப்பா மகனுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

இப்போது புரண்டால் சுழலவில்லை. ஆனால் எழுந்து நடக்கும்போது தலை லேசாக மிதப்பதுபோல் இருக்கிறது என்கிறார். வலப்பக்கம் படுக்கலாமா, கழுத்துப் பட்டையை இன்னும் கட்ட வேண்டுமா?

ஓய்வுபெற்ற காது மருத்துவர்:

பட்டையைக் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படுக்கட்டும். உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும், குனியக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடுகளால் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. எப்லிக்குப் பிறகு சில நாட்கள் முதல் இரண்டு மூன்று வாரங்கள் வரை இந்த மிதப்பு இருப்பது உண்டு. பயந்து படுத்தே இருந்தால் அது நீளும். காலையிலும் மாலையிலும் யாராவது துணைக்கு வர, தெருவில் நடக்கட்டும். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

ஐந்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது திரும்ப வருகிறது; வந்தால் அதே சிகிச்சையை மீண்டும் செய்துகொள்ளலாம். மறுபடி வரும்போது வேறு காதோ வேறு குழாயோ ஆகியிருக்கலாம் என்பதால், பார்த்தது போதும் என்று வீட்டிலேயே வலப்பக்க எப்லியைச் செய்யாமல் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டி அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் ஈடுசெய்வது திரும்ப வருவதைக் குறைக்கிறது என்று கொரியாவில் 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. 64 வயதுப் பெண்மணிக்கு எலும்புக்காகவும் அது தேவைதான்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. அம்மா அழுத்த மாத்திரை எடுப்பதாக முதலிலேயே எழுதியிருந்தீர்கள். நடக்கும்போது வரும் இந்த மிதப்பில் அதற்கும் பங்கு உண்டா என்று தெரிய வேண்டும். காலையில் எழுந்தவுடன் படுத்த நிலையில் ஒரு முறையும், எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் அழுத்தத்தை அளந்து, மாத்திரையின் பெயரோடு இங்கே எழுதுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.